மேடை விளக்கும் சைலண்ட் ஷட்டரும்: ரிவ்யூவை நம்பி வாங்கிய ஒரு கேமரா பற்றிய நிகழ்வு ஆய்வு

மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் ஒரு சிறு குழு, நன்றாக விசாரித்து, நிறைய ரிவ்யூ பார்த்து ஒரு கேமராவை வாங்கியது. எந்த வேலைக்காக வாங்கினார்களோ அந்த வேலையிலேயே அது காலை வாரியது. பார்த்த ரிவ்யூக்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதி வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். பொய் சொன்னவரை அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம். உண்மையைச் சொன்ன பலரின் பேச்சைக் கேட்டும் தவறான முடிவுக்கு வருவது எப்படி என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

குழுவினரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். சிக்கல் வந்த பிறகு ஃபைல்களை அவர்களோடு உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு விவரம் தெரியும். பெயர்களும் கேமராவின் மாடலும் இங்கே இல்லை. அந்த விலைப் பிரிவில் வரும் பல கேமராக்களுக்கும் இதே இயல்புதான் என்பதால், மாடல் தெரியாததால் படிப்பவருக்கு எதுவும் குறையாது.

பின்னணி

மூன்று பேர். மூத்தவர் நீண்ட காலமாக நாடகமும் நடனமும் எடுப்பவர். இளையவர் அவரோடு சேர்ந்து இரண்டாவது கேமராவைக் கையாள்பவர். மூன்றாமவர் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்திக் கொடுப்பவர். கையில் இருந்தவை இரண்டு டிஎஸ்எல்ஆர் பாடிகளும் (லென்ஸ் மாட்டாத கேமரா) எஃப் 2.8 ஜூம் லென்ஸ்களும். எஃப் எண் சிறியதாக இருக்க இருக்க லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும். படங்களின் தரத்தில் யாருக்கும் குறை இல்லை.

குறை சத்தத்தில் இருந்தது. டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே கண்ணாடி மேலே எழுந்து கீழே விழும். வசனமே இல்லாத ஒரு காட்சியில் அந்தச் சத்தம் முன்வரிசைகளுக்குக் கேட்கிறது என்று ஒரு நாடக இயக்குநர் நேரடியாகவே சொல்லிவிட்டார். வேறு சில அரங்குகளில், நிகழ்ச்சி நடக்கும்போது சத்தமில்லாத கேமராவுக்கு மட்டுமே அனுமதி என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒத்திகையில் மட்டும் எடுத்துக்கொண்டு காலம் தள்ளலாம்தான். ஆனால் பார்வையாளர் முன்னால் நடிகரின் முகத்தில் வருவது ஒத்திகையில் வராது என்பதில் மூத்தவர் உறுதியாக இருந்தார்.

ஆக, தேவை தெளிவாக இருந்தது: முழுக்கச் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும், மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிக்க வேண்டும், ஆடுபவரின் அசைவை உறைய வைக்க வேண்டும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதுதான் வழி என்று முடிவானது.

வாங்குவதற்கு முன் பார்த்தவை

தேடும் வேலை இளையவரிடம் போனது. அவர் அதை மேலோட்டமாகச் செய்யவில்லை. பெயர் பெற்ற விமர்சகர்கள் பலரின் வீடியோக்களைப் பார்த்தார், எழுத்தில் வந்த நீண்ட ரிவ்யூக்களைப் படித்தார், ஒரே காட்சியை வெவ்வேறு கேமராக்களில் எடுத்துக் காட்டும் ஒப்பீட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேமராவைத்தான் காட்டினார்கள். ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், உயர்ந்த ஐஎஸ்ஓவில் (ஒளிக்கான உணர்திறன்) குறைந்த நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்), கூடவே சைலண்ட் ஷட்டர், அதாவது அசையும் திரை இல்லாமல் சென்சாரே சத்தமின்றிப் படத்தைப் பதிவு செய்யும் முறை.

சைலண்ட் ஷட்டர் பற்றி அவர் எடுத்து வைத்த குறிப்பில் கிட்டத்தட்ட எல்லா விமர்சகர்களும் பாராட்டியதாக இருக்கிறது. ஒருவர் அமைதியான ஒரு அறையில் வைத்து, மெக்கானிக்கல் ஷட்டரின் சத்தத்தையும் சைலண்ட் ஷட்டரின் சத்தமின்மையையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்திருந்தார். குழுவின் முடிவைத் தீர்மானித்தது அந்தச் சில நொடிகள்தான் என்று சொல்லலாம்.

இரண்டு விமர்சகர்கள் எச்சரிக்கையும் செய்திருந்தார்கள். செயற்கை விளக்கு சிலவற்றின் கீழ் சைலண்ட் ஷட்டரில் கோடுகள் வரலாம் என்று ஒரு வாக்கியம். நீண்ட ரிவ்யூவின் கடைசிப் பகுதியில், குறைகளைப் பட்டியலிடும் இடத்தில், மெனு சிக்கலாக இருக்கிறது என்பதற்கும் பேட்டரி சார்ஜர் பெட்டியில் வரவில்லை என்பதற்கும் நடுவில் வந்தது. இளையவர் அதைக் குறித்தும் வைத்திருந்தார். ஆனால் மெனுவுக்கும் சார்ஜருக்கும் கொடுத்த எடையைத்தான் அதற்கும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குறைக்கு விமர்சகரே கொடுத்த எடை அவ்வளவுதான்.

ஒரு பாடியும் ஒரு எஃப் 4 ஜூம் லென்ஸும் வாங்கினார்கள். எடை குறைவு என்பதாலும், புதிய சென்சாரில் ஐஎஸ்ஓவை ஒரு படி கூட்டினால் ஒரு ஸ்டாப் (பாதி ஒளி) இழப்பு ஈடாகிவிடும் என்று ரிவ்யூக்கள் சொன்னதாலும் எஃப் 4 போதும் என்று தோன்றியது.

முதல் நிகழ்ச்சிகளில் தெரிந்தது

முதலில் எடுத்தது ஒரு நாடகம். பெரும்பாலான படங்கள் நன்றாக வந்தன, அரங்கத்தில் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை, இயக்குநருக்கு மகிழ்ச்சி. சில படங்களில் பின்திரையில் மெல்லிய கோடுகள் இருந்ததைத் திருத்துபவர் கவனித்தார். திரைத் துணியின் நெசவு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நடன நிகழ்ச்சி. முழுக்க எல்இடி விளக்குகள், நீலமும் சிவப்புமாக மங்கிய காட்சிகள், வேகமான அசைவுகள். அன்று எடுத்த படங்களில் பெரும் பகுதியில் முகத்தின் குறுக்கே, கையின் குறுக்கே, தரையெங்கும் கிடைக்கோடுகள். சாதாரணக் கருப்புக் கோடுகள்கூட இல்லை. ஒரு பட்டை நீலம் தூக்கலாக, அடுத்தது சிவப்பு தூக்கலாக. கேமராவின் பின்திரையில் சிறிதாகப் பார்த்தபோது தெரியாதது, கணினியில் திறந்ததும் தெரிந்தது. திருத்துபவர் பலவிதமாக முயன்று பார்த்தார். ஒரே நிறத்தில் விழும் கோட்டை ஓரளவு சமன் செய்யலாம். நிறம் மாறி மாறி விழும் கோட்டை, அதுவும் தோலின் மேல் விழுந்ததை, இயல்பாகத் தோன்றும்படி எடுக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு சிறு சிக்கல்கள். மங்கிய காட்சிகளில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தது. பேட்டரி, ரிவ்யூவில் சொன்ன எண்ணிக்கையை எட்டுவதற்கு வெகு முன்பே தீர்ந்தது.

நடனக் குழுவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். கோடு விழாத படங்களைக் கொடுத்து, அடுத்த ஒத்திகையைக் கட்டணமின்றி எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

காரணத்தைத் தேடிய விதம்

முதல் சந்தேகம் கேமரா பழுது. சர்வீஸ் மையத்தில் கொடுத்ததற்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. இரண்டாவது சந்தேகம் செட்டிங். ஃப்ளிக்கர் (விளக்கின் மினுக்கல்) குறைக்கும் வசதி மெனுவில் இருந்தது, அதைப் போட்டார்கள், பயனில்லை. அந்த வசதி பொதுவாக 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் மினுக்கும் மின்சார விளக்குகளை உத்தேசித்து அமைக்கப்படுவது. மேடை எல்இடி அந்தக் கணக்கில் வராது.

விடை கிடைத்தது அரங்கத்தின் லைட்டிங் ஆப்பரேட்டரிடம். அவரிடம் கேட்கலாம் என்று தோன்றியது இளையவருக்கு. ஆப்பரேட்டர் படங்களைப் பார்த்த உடனே, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தால் இது வராது, குறைத்தால்தான் வரும் என்றார். ஒத்திகை நேரத்தில் அவரே செய்தும் காட்டினார். முழு வெளிச்சத்தில் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. டிம்மரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க இறக்கக் கோடுகள் தோன்றி அழுத்தமாகிக்கொண்டே போயின.

“அண்ணே, நாம வாங்கினது தப்பான கேமரா இல்ல. இந்த லைட்டுல யாரும் இதை எடுத்துப் பார்க்கல,” என்று இளையவர் மூத்தவரிடம் சொன்னார். இந்த ஆய்வின் மையம் அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது.

நடப்பது இதுதான். பெரும்பாலான மேடை எல்இடி விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைப்பது, மின்சாரத்தை வேகமாகத் தட்டித் தட்டி அணைத்து ஏற்றித்தான். பிடபிள்யூஎம் என்பார்கள். நொடிக்கு 1000 முறை எரிந்து அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது சீரான மங்கிய ஒளி. சைலண்ட் ஷட்டரோ சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. இந்த வகைக் கேமராக்களில் முழுச் சென்சாரையும் படித்து முடிக்க 1/20 நொடி அளவுக்கு ஆகும். அந்த நேரத்துக்குள் விளக்கு 50 முறை எரிந்து அணைந்திருக்கும். படத்தில் 50 பட்டைகள் விழ இடமிருக்கிறது.

அவை எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதை ஷட்டர் வேகம் தீர்மானிக்கிறது. 1/80 நொடியில் ஒவ்வொரு வரிக்கும் 12 அல்லது 13 துடிப்புகள் கிடைக்கும், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நடனத்துக்காக 1/640 வைத்தால் ஒரு வரிக்கு ஒரு துடிப்பு, இன்னொரு வரிக்கு இரண்டு துடிப்பு என்றாகிவிடும். அதாவது வெளிச்சம் சரிபாதிக்கும் முழுமைக்கும் இடையே ஊசலாடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி அளவில் குறைத்து நிறம் கலப்பதால், கோடும் நிறத்தோடு விழுகிறது. விளக்குக்கு விளக்கு அதிர்வெண் வேறாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் ஒரே ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்காது.

மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகள் சென்சாரைக் கடக்க ஏறக்குறைய 1/250 நொடிதான் ஆகும். அதே விளக்கின் கீழ் நாலைந்து அகலமான பட்டைகளே விழும், அவை விளக்கின் இயல்பான ஏற்ற இறக்கம்போலவே தோன்றிப் பெரும்பாலும் கண்ணில் படாது. சைலண்ட் ஷட்டரின் இந்தக் குறையைக் குறைப்பவை, மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார்கள். 2017ல் சோனியின் ஏ9 ஃபுல் ஃபிரேமில் அதைக் கொண்டுவந்தது. 2021ல் வந்த நிக்கான் இசட்9 படிக்கும் வேகம் மெக்கானிக்கல் ஷட்டருக்கு நிகரானது, அதனால் அதில் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. 2023 நவம்பரில் அறிவித்த சோனி ஏ9 III, எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரோடு வந்தது. விலையில் இவை எல்லாம் வேறு வகுப்பு.

மற்ற இரண்டு சிக்கல்களின் காரணமும் இதே மாதிரியானது. மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிக்கும் திறனை மைனஸ் 6 இவி என்பதுபோலக் குறிப்பிடுகிறார்கள் (இவி வெளிச்சத்தின் அளவு, எண் குறையக் குறைய இருட்டு). அடிக்குறிப்பைப் பார்த்தால் எஃப் 1.2 போன்ற லென்ஸை மாட்டி அளந்தது என்று இருக்கும். எஃப் 4 லென்ஸ் அதைவிட மூன்றரை ஸ்டாப் குறைவான ஒளியைத்தான் உள்ளே விடும். தோராயமாக மைனஸ் 2.5 இவிக்கு வந்துவிடுகிறோம். ஐஎஸ்ஓவைக் கூட்டிப் படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், ஃபோகஸ் உணரிக்கு வரும் ஒளியைக் கூட்ட அதனால் முடியாது. பேட்டரி எண்ணிக்கை ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் முறையில் 30 நொடிக்கு ஒரு படம் என்று எடுத்து அளப்பது. அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது என்று விமர்சகர்கள் சொல்வதும் உண்மையே, தொடர்ந்து சுட்டுத் தள்ளினால் கிடைக்கும். மேடைப் புகைப்படக்காரர் ஒரு முகபாவத்துக்காக வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி நெடுநேரம் காத்திருப்பார். அந்த நேரம் முழுக்கச் சென்சாரும் வியூஃபைண்டரும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும், எண்ணிக்கையில் ஒரு படம்கூடக் கூடியிருக்காது.

விமர்சகர்கள் எங்கே நின்று பார்த்தார்கள்

இளையவரும் நானும் அந்த ரிவ்யூக்களை மறுபடி பார்த்தோம். இந்த முறை கேமராவைப் பார்க்கவில்லை, விமர்சகர் இருந்த இடத்தைப் பார்த்தோம்.

வெளியீட்டு நாளில் வந்த வீடியோக்களில் பல, தயாரிப்பாளரே ஏற்பாடு செய்த நிகழ்வில் எடுத்தவை. நல்ல வெளிச்சம், மெதுவாக நடந்து வரும் மாடல், அந்தக் கேமராவின் பலத்தைக் காட்டவென்றே அமைத்த காட்சிகள். சிலவற்றில் கையில் இருந்தது இறுதி ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) கூட இல்லாத பாடி. குறித்த தேதிக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை எல்லாருக்கும் பொது, அந்த நாளில் வெளியிடாவிட்டால் பார்வையாளர் போய்விடுவார். பிறகு வந்த ரிவ்யூக்கள் இரவலாகக் கொடுத்த பாடியைச் சில வாரம் வைத்திருந்து எழுதியவை. வீடு, தெரு, பூங்கா, பகல் வெளிச்சம். மங்கிய வெளிச்சம் என்றால் அறை விளக்கு, 1/125 நொடி, அசையாமல் இருப்பவர் ஒருவர். அந்தச் சூழலில் சைலண்ட் ஷட்டர் உண்மையாகவே அருமையாக வேலை செய்யும்.

கமிஷன் லிங்க் விஷயமும் உண்டு. பார்ப்பவர் அந்த லிங்க் வழியாக வாங்கினால் விமர்சகருக்கு ஒரு பங்கு போகும். இந்த உறவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி போன்ற அமைப்புகள் விதி வைத்திருக்கின்றன, பார்த்தவர்களில் பலரும் சொல்லியும் இருந்தார்கள். என் கருத்தில், பணம் பற்றிய வெளிப்படைத்தன்மை தேவைதான், ஆனால் அது இந்தக் குழுவைக் காப்பாற்றியிருக்காது. எந்தப் பணமும் வாங்காத ஒருவர் அதே பூங்காவில் எடுத்திருந்தாலும் அதே முடிவைத்தான் சொல்லியிருப்பார். எந்த விளக்கின் கீழ், எந்த லென்ஸில், எத்தனை நாள் என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பயன்பட்டிருக்கும். அதை ஓரிருவர்தான் சொன்னார்கள்.

ரிவ்யூக்கள் சரியாகச் சொன்னவையும் நிறைய. சென்சாரின் நாய்ஸ், நிற வீச்சு, நல்ல வெளிச்சத்தில் கண்ணைப் பிடிக்கும் துல்லியம், எடை, லென்ஸின் ஓரக் கூர்மை எல்லாம் குழுவின் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போயின. பத்துக் கேமராக்களை ஒரே காட்சியின் முன் வைத்து ஒப்பிடும் வசதி எந்தப் பயனருக்கும் கிடையாது. அந்த வேலையைப் பொறுமையாகச் செய்பவர்கள் பிழைப்பதும் எளிதாக இல்லை. 1998ல் தொடங்கி அத்தகைய ஒப்பீடுகளுக்குப் பெயர் பெற்ற டிபிரிவ்யூ தளத்தை மூடப்போவதாக 2023 மார்ச்சில் அதன் உரிமையாளரான அமேசான் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் வேறொரு நிறுவனம் வாங்கியதால் தப்பியது.

பயனர் சொல்வதைப் படித்த விதம்

அடுத்த கட்டமாக, அந்தக் கேமராவை வைத்திருப்பவர்கள் எழுதியவற்றை இளையவர் தேடினார். ரிவ்யூ ஏமாற்றிவிட்டது, இனி பயனர்தான் உண்மை என்ற மனநிலையில் இறங்கினார். அதுவும் நிலைக்கவில்லை.

வாங்கிய ஒரு வாரத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஏராளம். அவர்களின் மகிழ்ச்சி உண்மை, ஆனால் அது கேமராவைவிட வாங்கிய செயலைப் பற்றியது. கோபமாக எழுதியவர்களில் சிலர் சொன்ன குறை ஃபர்ம்வேரில் எப்போதோ சரியாகிவிட்டது, பழையதைப் படித்தவர்கள் இன்னும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலர் அந்தக் கேமராவைத் தொட்டுப் பார்த்தார்களா என்பதே சந்தேகம். மேடையில் எடுக்கிறேன், ஒரு கோடும் இல்லை என்று ஒருவர் உறுதியாக எழுதியிருந்தார். அவர் இணைத்த படங்களில் விளக்குகள் எல்லாம் முழு வெளிச்சத்தில் இருந்தன. அவரும் பொய் சொல்லவில்லை.

பயன்பட்டது ஒரே ஒரு குறிப்பு. நடனம் எடுக்கும் ஒருவர், ஷட்டர் வேகம், லென்ஸ், விளக்கை எந்த அளவுக்குக் குறைத்திருந்தார்கள் என்ற விவரத்தோடு அசல் ஃபைல்களையும் போட்டிருந்தார். ஆறேழு வரிதான். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. அதைப் படித்திருந்தால் வாங்கும் முன்பே விஷயம் தெரிந்திருக்கும். பரபரப்பு இல்லாததால் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

மூன்றாவது வகைச் சாட்சி ஒன்று உண்டு என்பதை இந்தத் தேடலில்தான் குழு உணர்ந்தது. கேமரா வாடகைக்கு விடுபவர்களும் பழுது பார்ப்பவர்களும். 2012 செப்டம்பரில் வெளிவந்த நிக்கான் டி600க்கு ரிவ்யூக்கள் நன்றாகவே வந்தன. அடுத்த மாதமே, லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகை நிறுவனத்தின் ரோஜர் சிக்காலா, தங்களிடம் உள்ள டி600 பாடிகளில் சென்சாரின் மேல் அளவுக்கு மீறித் தூசு சேர்கிறது, படத்தின் இடது மேல் மூலையில் அது குவிகிறது என்று எழுதினார். ஒரே ஒரு பாடியை இரவல் வாங்கிக் கொஞ்ச நாள் எடுத்தவருக்கு அது தற்செயலான தூசு. பல பாடிகளை ஒவ்வொரு வாடகைக்குப் பிறகும் திறந்து சுத்தம் செய்தவருக்கு அது ஒரு போக்கு. 2013 பிப்ரவரியில் நிக்கான் அதைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டது, அக்டோபரில் டி610 வந்தது, 2014 பிப்ரவரியில் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் ஷட்டர் உள்ளிட்ட பாகங்களை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. முதல் ரிவ்யூக்கள் எழுதியவர்கள் பார்த்திருக்கவே முடியாத ஒரு குறை அது.

குழு தான் வழக்கமாக லென்ஸ் எடுக்கும் வாடகைக் கடைக்காரரிடம் பேசியது. மேடைக்கு என்று கேட்பவர்களுக்கு அந்த மாடலை அவர் தருவதில்லையாம். குழுவில் யாரும் அதுவரை அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள்

முன்னால் இருந்த வழிகள் மூன்று. கேமராவை விற்றுவிட்டு டிஎஸ்எல்ஆருக்கே திரும்புவது. கடன் வாங்கியாவது ஸ்டாக்டு சென்சார் பாடிக்குப் போவது. இருப்பதை வைத்துக்கொண்டு வேலை செய்யும் முறையை மாற்றுவது.

மூத்தவர் முதலில் விற்றுவிடவே நினைத்தார். நடனக் குழுவிடம் தலைகுனிந்து நின்றது அவரை வெகுவாகப் பாதித்திருந்தது. திருத்துபவர்தான் நாடகப் படங்களைத் திரும்ப எடுத்துக் காட்டி, வெளிச்சம் அதிகமாக மாறாத இடங்களில் இந்தக் கேமரா பழையதைவிட நன்றாகவே எடுக்கிறது என்று நிறுவினார். கடன் வாங்கும் யோசனையை மூவரும் கைவிட்டார்கள். ஒரு வாங்குதலால் வந்த நெருக்கடியை அதைவிடப் பெரிய வாங்குதலால் தீர்ப்பது சரியாக இருக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம், எனக்கும் அது சரி என்றே பட்டது.

கேமராவை வைத்துக்கொண்டார்கள். எஃப் 4 லென்ஸை மட்டும் மாற்றி எஃப் 2.8 வாங்கினார்கள். சத்தம் பொருட்டில்லாத நிகழ்ச்சிகளில் மெக்கானிக்கல் ஷட்டர். மிரர்லெஸ் பாடியில் கண்ணாடி இல்லாததால் அதன் சத்தமே டிஎஸ்எல்ஆரைவிடக் குறைவு. முழு அமைதி வேண்டிய நாடகங்களில் சைலண்ட் ஷட்டர், ஆனால் மெதுவான ஷட்டர் வேகத்தில், நடிகர் அசையாத கணங்களில். அமைதியும் வேகமும் இரண்டும் வேண்டிய நடனங்களுக்கு ஸ்டாக்டு சென்சார் பாடியை வாடகைக்கு எடுப்பது, அந்த வாடகையைக் கட்டணத்தில் சேர்த்து முன்கூட்டியே சொல்லிவிடுவது.

இன்னொன்று, லைட்டிங் ஆப்பரேட்டர் தந்த யோசனை. இப்போது வரும் பல எல்இடி விளக்குகளில் துடிப்பின் அதிர்வெண்ணை மெனுவிலேயே மாற்றலாம். சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோய்விட்டால் கோடு விழுவது வெகுவாகக் குறைந்துவிடும். நிகழ்ச்சிக்கு முன்பே அவரைப் பார்த்து, விளக்கில் அந்த வசதி இருக்கிறதா, மாற்ற முடியுமா என்று கேட்பது குழுவின் வழக்கமானது.

பின் நடந்தது

ஒத்துக்கொண்டபடி நடனக் குழுவின் ஒத்திகையை எடுத்துக் கொடுத்தார்கள், படங்கள் நன்றாக வந்தன. ஆனாலும் அடுத்த நிகழ்ச்சிக்கு நடனக் குழு வேறு ஒருவரை அழைத்தது. அது அவர்கள் உரிமை, அரங்கேறிய அன்றைய ஆட்டத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. நாடக இயக்குநர் தொடர்ந்து இவர்களையே அழைக்கிறார்.

லென்ஸ் மாறியதும் ஃபோகஸ் அலைவது பெரும்பாலும் நின்றது. முழு இருட்டில் ஒரே நீல விளக்கு மட்டும் எரியும் காட்சிகளில் இப்போதும் தடுமாறுகிறது, அங்கே கையால் ஃபோகஸ் செய்கிறார்கள். பேட்டரிக்கு, கூடுதலாக இரண்டு வாங்கியதும் இடைவேளையில் மாற்றுவதும் போதுமானதாக இருக்கிறது.

விளக்கின் அதிர்வெண்ணை மாற்றும் வழி எல்லா அரங்கிலும் எடுபடவில்லை. பழைய விளக்குகளில் அந்த வசதி இல்லை, சில இடங்களில் ஆப்பரேட்டருக்கு நேரம் இல்லை. எடுபட்ட இடங்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

இளையவர் தன் அனுபவத்தை அசல் ஃபைல்களோடு எழுதி, ரிவ்யூ செய்த ஒரு விமர்சகருக்கு அனுப்பினார். அவர் மரியாதையாகப் பதில் எழுதி, தன் ரிவ்யூவின் குறிப்பில் மேடை விளக்கு பற்றி ஒரு பத்தி சேர்த்தார். விமர்சகர்களைப் பற்றிக் கசப்போடு இருந்த மூத்தவருக்கு அது கொஞ்சம் ஆறுதல் தந்தது.

இனி மாற வேண்டியவை

குழுவைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் தேடலின் வரிசையில். முன்பு ரிவ்யூவில் தொடங்கி ரிவ்யூவில் முடித்தார்கள். இப்போது தங்கள் வேலையிலேயே மிகக் கடினமான ஒரு காட்சியை முதலில் எழுதி வைக்கிறார்கள்: மங்கிய நீலம், சுழலும் உடல், 1/640, சத்தம் கூடாது. ஒரு ரிவ்யூவோ ஒரு பயனரின் பதிவோ அந்தக் காட்சிக்கு எவ்வளவு பக்கத்தில் நின்று பேசுகிறது என்று பார்க்கிறார்கள். தொலைவில் நின்று பேசினால் அதிலிருந்து சென்சார் தரம், எடை போன்ற சூழலால் மாறாத விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கும் முன் ஒரு நாளாவது வாடகைக்கு எடுத்து, அந்தக் காட்சி நடக்கும் ஒத்திகையிலேயே முயன்று பார்ப்பது கட்டாயம். இதை முன்பே செய்திருந்தால் வாடகைக் கடைக்காரரின் ஒரு வாக்கியத்திலேயே கதை முடிந்திருக்கும்.

குறைகளின் பட்டியலைப் படிக்கும் விதமும் மாறியிருக்கிறது. விமர்சகர் ஒரு குறையைப் போகிற போக்கில் சொன்னால், அது பெரும்பாலான பார்வையாளர்களைப் பாதிக்காது என்பதே அதன் பொருள். உங்கள் வேலை பெரும்பாலானவர்களின் வேலை இல்லை என்றால், அந்தப் பட்டியலை முதலில் படித்து, ஒவ்வொரு வரியையும் உங்கள் காட்சியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விமர்சகர்களிடம் எதிர்பார்ப்பதும் அதிகமில்லை. பாடி யார் கொடுத்தது, எத்தனை நாள் இருந்தது, ஃபர்ம்வேர் இறுதியானதா, எந்த லென்ஸ், எந்த விளக்கு, எதை முயன்று பார்க்கவே இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். கடைசி விவரம்தான் மிக அரிதாகச் சொல்லப்படுகிறது, வாங்குபவருக்கு மிகவும் வேண்டியதும் அதுதான். பயனர்களும் நட்சத்திரம் கொடுப்பதோடு நிற்காமல், எவ்வளவு காலம் எந்த வேலைக்குப் பயன்படுத்தினோம் என்று இரண்டு வரி எழுதி ஒரு அசல் ஃபைலையும் சேர்த்தால், அடுத்து வருபவருக்கு அது பெரிய உதவி.

குழு இப்போது மெக்கானிக்கல் ஷட்டரை எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயன்படுத்துகிறது, அதனால் ஷட்டர் தேய்மானம் பற்றிய கவலை இருக்கிறது. ஒவ்வொரு மாத முடிவிலும் ஷட்டர் எண்ணிக்கையையும், எந்த அரங்கில் எந்த விளக்கில் கோடு விழுந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வருகிறார்கள். வாடகைக் கடைக்காரரிடமும் அதன் ஒரு பிரதி இருக்கிறது. மேடைக்குக் கேமரா கேட்டு வருபவர்களுக்கு அவர் அதை எடுத்துக் காட்டுகிறார்.